கீழே குடியிருப்பு: இல்லை

தவசி தன் மனைவி சிலம்பாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், வெயில் இன்னும் வேலிக்கு மேலே ஏறாத நேரத்தில், அவள் தலையில் சல்லிக் கூடையும் இடுப்பில் செருகிய காலிச் சாக்குமாகத் தோட்டத்தணையின் அடிக்கரையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது. திரும்பி நின்று அவள் சொன்னது பெரிய வார்த்தை எதுவும் இல்லை. "இந்தாய்யா, அடுப்புல கஞ்சி கிடக்கு. அடிப்பிடிக்காமக் கிண்டி விட்டுட்டு வா. ரேடியோவக் கேட்டுக்கிட்டு மறந்துறாத" என்றாள். அவன் "ம்" என்றான். கஞ்சி கொதித்து இறுகுவதற்குள் கரை போய்விட்டது.

அந்தக் கரையை அரசாங்கம் கட்டவில்லை. நாவலூத்துக்கு மேலே மலைச்சரிவில் ஆரஞ்சும் காப்பியும் போட்டிருந்தவர், இப்போதைய தோட்ட முதலாளி குணசீலனின் அப்பா, முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால், ஓடை குறுகி வரும் இடமாகப் பார்த்து, இரண்டு புல்டோசர்களை இறக்கி இருபத்துநாலு நாளில் மண்ணை வாரிக் குவித்து எழுப்பிய கரை அது. முந்நூறு அடி நீளம், இருபத்தைந்து அடி உயரம். நடுவில் களிமண் கொண்டுவந்து இடித்து இறக்க வேண்டும் என்று வேலைக்கு வந்த மேஸ்திரி சொன்னபோது, ஆரஞ்சுக்குத் தண்ணி நின்னாப் போதும், கரை மேல யானையா நடக்கப் போகுது என்று அவர் சொல்லிவிட்டதாகப் பேச்சு. அந்தக் கரைக்குக் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஓடையின் இரண்டு பக்கமும் புளியமரங்களுக்கு அடியில் நாவலூத்தின் நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. கரை வருவதற்கு முன்பே அவை இருந்தன. அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு வந்தவர்கள் எல்லாரும், அணைக்கு அடியில் யாராவது போய் வீடு கட்டுவார்களா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

கரைக்குள் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டது சிலம்பாயிதான். அடிக்கரையில் எப்போதும் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு கசிவு உண்டு. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். ஊர்ப் பெண்கள் அங்கேதான் துவைப்பார்கள். ஒரு ஆனி மாதத்தில் அவள் துவைத்துக் காயப்போட்ட தவசியின் வெள்ளை வேட்டி லேசாகச் சிவந்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. அவள் ஒரு சோடாப் புட்டியில் அந்தக் கசிவைப் பிடித்துவந்து சன்னலில் வைத்து மறுநாள் பார்த்தாள். அடியில் ஒரு தாள் கனத்துக்கு மண் படிந்திருந்தது. "தெளிஞ்ச தண்ணி கசிஞ்சாப் பயமில்லய்யா. கலங்கிக் கசிஞ்சா, கரை தன்னையே கரைச்சுக் குடுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்" என்றாள். மாதம் ஒரு புட்டியாகப் பதினேழு புட்டிகள் சேர்ந்தன. தேதி எழுதி ஒட்டுவது தவசியின் வேலை. அவன் ஐந்தாவது வரை படித்தவன், அவளுக்கு எழுத்துத் தெரியாது. மனுக்களையும் அவள் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதினான்.

மனுக்கள் போனது அணைகளைத் தரம் பிரிக்கிற அலுவலகத்துக்கு. நான்காவது மனுவுக்குத்தான் பதில் வந்தது. மேற்படி மண்கரை மூன்றாம் தரத்தைச் சேர்ந்தது. மூன்றாம் தரக் கரைகளை அவற்றின் உரிமையாளரே பார்த்து நலமாக இருப்பதாக எழுதிக் கொடுத்தால் போதுமானது. உரிமையாளர் அவ்வாறே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

மூன்றாம் தரம் என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள இருவரும் இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்கே போனார்கள். மரகதவேல் என்கிற உதவிப் பொறியாளர், கெட்ட மனிதர் இல்லை, உட்காரச் சொல்லிப் பொறுமையாகவே விளக்கினார். உடைந்தால் ஆள் சாகும் என்றால் முதல் தரம், வருடா வருடம் ஆய்வு. சாலையும் பயிரும் போகும் என்றால் இரண்டாம் தரம். கட்டினவருக்கு மட்டும்தான் நஷ்டம் என்றால் மூன்றாம் தரம், பத்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வு.

"அப்பக் கரை நல்லாருக்கா இல்லயான்னு பாத்துப் போடுற தரம் இல்லயா?" என்று கேட்டாள் சிலம்பாயி.

"இல்லம்மா. கீழே என்ன இருக்குங்கிறதப் பாத்துப் போடுறது."

"கீழ நாங்க இருக்கோமே."

மரகதவேல் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்துப் படித்தார். கீழே குடியிருப்பு: இல்லை. நேரில் விசாரித்ததில் அவ்விடத்துக்காரர் தவசி என்பவரும் அவ்வாறே தெரிவித்தார்.

சிலம்பாயி மெல்லத் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள்.

நாவலூத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி இரண்டாம் செவ்வாய் அவர்களுக்கு வெறுவூர் நாள். அன்றைக்கு விடிவதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் அடுப்பை அவித்து, எல்லாக் கதவையும் திறந்துபோட்டுவிட்டு, ஆடு கோழி நாய் பூனை கைப்பிள்ளை நோயாளி ஒன்று விடாமல் கூட்டிக்கொண்டு ஊரே மேற்கே இருக்கிற பாறைமேட்டுக்கு ஏறிவிடும். அங்கேயே பொங்கித் தின்று பொழுது சாய்ந்துதான் திரும்பும். அன்றைக்கு ஊரைத் தேடி நோய் வரும் என்றும், வந்து பார்த்து ஒரு உயிரையும் காணாமல் இது ஊரில்லை போலிருக்கிறது என்று வழியை மறந்துவிடும் என்றும் நம்பிக்கை. நோய் மனுஷ வேஷத்திலும் வரலாம் என்பதால், பாறைமேட்டுப் பாதையில் வாசல்காரன் என்று ஒருவனை உட்கார்த்தி வைப்பார்கள். எந்த அந்நியன் வந்து கேட்டாலும் கீழே ஊரே இல்லை என்று சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு. இருக்கிறது என்று சொன்னால் ஊருக்கு ஆகாது.

நாலு வருடத்துக்கு முந்தைய வெறுவூருக்கு வாசல்காரன் தவசி. நடுப்பகலில் தோட்டத்து ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்கள் வரைபடத்தை விரித்துக்கொண்டு, "பெரியவரே, கீழ ஊர் ஏதும் இருக்கா?" என்றார்கள். "ஊரா? அங்க ஏது ஊரு? வெறும் காடு" என்றான் தவசி. அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புளியமரத் தலைகள் தெரிந்தன. புகை இல்லை, நாய் குரைக்கவில்லை, கோழி கூவவில்லை. பேர் கேட்டார்கள், சொன்னான். பெண்கள் இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள். நின்றபடியே சாப்பிட்டு, நெய் நல்ல நெய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நூற்றறுபது பேர் பக்கத்தில் நின்று பொங்கித் தின்கிறார்களே, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அந்தப் படித்த மனுஷர்கள் ஒருவரும் கேட்கவில்லை. தவசி பொய் சொன்னது நோயிடம். அவர்கள் எழுதிக்கொண்டது அரசாங்கத் தாளில்.

அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து சிலம்பாயி வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, "எழுது. அவுக கரைக்கா தரம் போட்டிருக்காக? நமக்குப் போட்டிருக்காக. அத மாத்தச் சொல்லி எழுது" என்றாள். வீட்டுவரி ரசீதுகளை இணைத்து எழுதினார்கள். நேரில் ஆய்வு செய்தால்தான் தரத்தை மாற்ற முடியும் என்று பதில் வந்தது. வந்து ஆய்வு செய்யுங்கள் என்று எழுதினார்கள். மூன்றாம் தரக் கரைக்கு அடுத்த ஆய்வு இன்னும் ஆறு வருடம் கழித்து என்று பதில் வந்தது. அதற்குள் அடிக்கரையில் ஓர் இடத்தில் உலை கொதிப்பது போல மணல் கொதிக்க ஆரம்பித்திருந்தது. யாரும் வராததால் சிலம்பாயி தானே சாக்கில் மணல் கட்டி அதைச் சுற்றி அடுக்கி, சல்லியைக் கொட்டி, கரையின் மண் வெளியே வராமல் தண்ணீர் மட்டும் வரும்படி செய்துகொண்டிருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள், தன்னுடையதல்லாத கரைக்கு, ஒரு பைசாக் கூலி இல்லாமல்.

அந்தப் புதன்கிழமை கேட்ட சத்தம் பெரிய சத்தமில்லை. நனைந்த மூட்டையை யாரோ தரையில் இறக்கி வைத்தது போல இருந்தது. தவசி கரண்டியோடு வெளியே வந்து பார்த்தபோது கரை உட்கார்ந்துகொண்டிருந்தது. முந்நூறு அடியும் ஒன்றாக, களி கிண்டிக் கவிழ்த்தது போலக் குழைந்து சரிந்து, துவைகல் வரைக்கும் வந்து படுத்துவிட்டது. ஊர் முழுக்க அலறிக்கொண்டு பாறைமேட்டுப் பக்கம் ஓடியது. தவசி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினான். ஓடியவர்கள் ஓடிக் களைத்து, ஒன்றும் பின்னால் வராததைக் கண்டு திரும்பிப் பார்த்தார்கள்.

கரை போய்விட்டது. தண்ணீர் நின்றது.

கரை எந்த இடத்தில் எந்தச் சாய்வில் நின்றிருந்ததோ அந்த இடத்தில் அந்தச் சாய்வில், முந்நூறு அடி நீளத்துக்கும் இருபத்தைந்து அடி உயரத்துக்கும், தாங்க ஒன்றுமில்லாமல், நுங்கின் சதை போலத் தண்ணீர் நின்றது. கரையின் உட்புறத்துக் கற்களின் பள்ளங்களும் வேர்களின் தடங்களும் அதன் முகத்தில் அச்சாகப் பதிந்திருந்தன. ஒரு கெண்டைமீன் அந்த முகம் வரைக்கும் வந்து மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதற்குக் கீழே தவசி கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தான். ஊரார் வந்து மண்வெட்டியால் வாரினார்கள். மத்தியானத்துக்கு மேல் சிலம்பாயி கிடைத்தாள். கூடை கையில் இருந்தது. அவள் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை, மண் மட்டும்தான்.

ஒரு வாரம் யாரும் உரக்கப் பேசவில்லை. தும்மல் வந்தால் துணியை வாயில் வைத்துக்கொண்டார்கள். பிறகு மழை பெய்தது, இடி இடித்தது, தண்ணீர் அசையவில்லை. பிறகு ஒரு கல்யாணத்துக்கு மேளம் அடித்தார்கள், அப்போதும் அசையவில்லை. குருவம்மா, தவசியின் அடுத்த வீட்டுக்காரி, ஊரிலேயே நீண்ட நாக்கு உடையவள், ஒரு நாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு நேராகப் போய்த் தண்ணீரின் முகத்தில் குடத்தைச் செருகி இழுத்தாள். குடம் நிறைந்து வந்தது, ஓட்டை மூடிக்கொண்டது. "ஓடையில குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடஞ்சதுதான் மிச்சம். இப்ப நின்ன வாக்குல மோந்துக்கிறலாம்" என்றாள். அன்றிலிருந்து எல்லாரும் அப்படியே எடுத்தார்கள். துணியைத் தண்ணீருக்குள் திணித்து, அலசி, உருவி எடுத்தார்கள். காலை பத்து மணி வரை வெயில் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. ஆடுகளும் சுவர்களும் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தன. மிளகாய் காயப் போட்டால் ஒரு நாள் கூடுதலாக ஆயிற்று. அடுத்த ஊர்களிலிருந்து பார்க்க வந்தார்கள். கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அது நாவலூத்துக்கு ஒரு சுவராகிவிட்டது.

அது விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் தவசி ஒருவன்தான்.

"எத்தன நாளைக்கு நிக்கும்? நின்ன தண்ணி ஒரு நாள் கெளம்பாதா? மேல இருந்து கொஞ்சங் கொஞ்சமா வெட்டி விட்டு இறக்கணும்" என்று அவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான்.

"உனக்கு ஏன்யா அவ மேல நம்பிக்க இல்ல?" என்றாள் குருவம்மா. "தாங்கிக்கிட்டு இருக்கிறது சிலம்பாயிதான. உசுரோட இருக்கையில சாக்க அடுக்குனா. இப்ப கைய வச்சுருக்கா."

இந்தப் பேச்சுதான் தவசிக்குப் பொறுக்கவில்லை. பூசாரி சோணை தண்ணீருக்கு முன்னால் மூன்று கல் நட்டு மஞ்சள் பூசினார். குணசீலன் ஒரு வெண்கல மணி வாங்கிக் கொடுத்தார். கொடுத்த கையோடு தவசியின் வீட்டுக்கும் வந்தார். வெள்ளைச் சட்டை, சாந்தமான குரல். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"அந்தம்மா தெய்வமாயிட்டாங்க தவசி. உங்க குடும்பத்துக்குப் பெரிய பெருமை."

"அவ தெய்வமில்லங்க. எட்டு மனு எழுத வச்சவ. அதுல ரெண்டு உங்களுக்கு எழுதுனது."

"நான் இல்லேங்கலியே."

"தண்ணிய இறக்கி விடுங்க. மதகும் கரையோட போயிருச்சு, பக்கத்துல வாய்க்கா வெட்டி விடுங்க. ஆளு நாங்களே வர்றோம்."

"காப்பி பூக்குறதுக்குத் தண்ணி வேணும் தவசி. சித்திரை போகட்டும். அதோட…" என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கரை என்னோடது, ஒத்துக்கிறேன். கரை போயிருச்சு. இப்ப நிக்கிறது தண்ணி, அதுவா நிக்குது. தானா நிக்கிற தண்ணிக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? வக்கீலக் கேட்டுட்டேன்."

தோட்டத்துப் பதிவில் சிலம்பாயி அனுமதியில்லாமல் நுழைந்து வழுக்கி விழுந்தவள். அலுவலகத்துப் பதிவில் அவள் இல்லவே இல்லை. அணை உடைந்து இறந்தவர் என்றால் வெள்ளத்தில் இறந்திருக்க வேண்டும், வெள்ளம் வரவில்லை, ஆகவே யாரும் இறக்கவில்லை. மணி அடித்துக் கும்பிடுகிறவர்கள் ஒரு பக்கமும், வழுக்கி விழுந்தாள் என்று எழுதுகிறவர்கள் ஒரு பக்கமுமாக இரண்டு கூட்டமும் சேர்ந்து அவளைக் கொன்ற கரையை ஒளித்துவைத்துவிட்டதாகத் தவசிக்குத் தோன்றியது. எழுதினான். முன்பு அவள் சொல்ல எழுதியவன், இப்போது அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்து எழுதினான்.

மாசி மாதத்தில் பதில் வந்தது. கரை இல்லையென்று தெரியவருவதால் அதைப் பட்டியலிலிருந்து நீக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. நீக்குவதற்கு முன் நேராய்வு அவசியம். ஆய்வின்போது படிவத்தின் எல்லாப் பத்திகளும் புதிதாக நிரப்பப்படும். தவசி அந்தக் கடைசி வரியை நான்கு தடவை படித்தான். எல்லாப் பத்திகளும் என்றால் அந்தப் பத்தியும்தான். கீழே குடியிருப்பு இருக்கிறது என்று ஒரு தடவை எழுதிவிட்டால் முதல் தரம்; முதல் தரத்தில் கரை பழுதென்றால் முப்பது நாளில் தண்ணீரை இறக்கியே ஆகவேண்டும், முதலாளியே ஆனாலும். பிறகுதான் தேதியைப் பார்த்தான். பங்குனி இரண்டாம் செவ்வாய்.

தேதியை மாற்றக் கேட்டு எழுதினான். மாற்ற இயலாது என்றார்கள். பூசாரியிடம் போய் இந்த ஒரு வருடம் வெறுவூரை ஒரு நாள் தள்ளிவைக்கக் கேட்டான்.

"நோய்க்குத் தந்தி குடுத்துரவா, ஒரு நாள் கழிச்சு வான்னு?" என்றார் சோணை.

"நோய் வருதோ வரலயோ. தண்ணி வரும்."

"உம் பொண்டாட்டி இருக்கிற வரைக்கும் வராது. நீ சும்மா இரு."

அந்தச் செவ்வாயும் வந்தது. அடுப்புகள் அவிந்தன, கதவுகள் திறந்தன, ஊர் ஆடு மாடுகளோடு பாறைமேட்டுக்கு ஏறியது. தவசி வேட்டி மடிப்பில் பதினேழாவது புட்டியை, கரை போவதற்கு மூன்று நாள் முன்னால் சிலம்பாயி பிடித்ததை, முடிந்துகொண்டு போனான். ஆய்வுக்காரருக்குக் காட்ட. மற்றப் பதினாறும் சன்னலில் இருந்தன.

ஜீப் வந்தது. இறங்கியவர் மரகதவேல், முன்னைவிடக் கொஞ்சம் தொந்தி போட்டிருந்தார். பாறை விளிம்பில் நின்று, மலைக்கும் ஊருக்கும் நடுவில் பச்சையாக நின்ற தண்ணீரைக் கண்கொட்டாமல் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்துப் படிவத்தை நிரப்பினார். கரையின் நீளம் இல்லை, கரையின் உயரம் இல்லை, கரையின் நிலை இல்லை. அந்தப் பத்திக்கு வந்தார். பாதையில் அந்த வருடத்து வாசல்காரன் நின்றுகொண்டிருந்தான், அவனிடம், "கீழே குடியிருப்பு ஏதும் இருக்கா?" என்றார்.

வாசல்காரன் வாயைத் திறப்பதற்குள் தவசி முன்னால் வந்து, "இருக்கு" என்றான்.

பொங்கல் கிண்டிய கரண்டிகள் நின்றன.

"தவசி" என்றார் பூசாரி. "வாய மூடு."

"இருக்குங்க சார். நாவலூத்துன்னு பேரு. நாப்பத்தொரு வீடு. எழுதுங்க. மொதல் வீடு என்னோடது. ஒரு உசுரு, போன ஐப்பசி வரைக்கும் ரெண்டு. அடுத்தது குருவம்மா வீடு, அஞ்சு உசுரு. அதுக்கடுத்து பூசாரி சோணை வீடு…"

"அவன் பேச்சக் கேக்காதீங்க, பொண்டாட்டி செத்ததுல கலங்கிப் போனவன்" என்றது ஒரு குரல். சிலர் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தவசி நிறுத்தவில்லை. நாலாவது வீட்டைச் சொன்னான், ஐந்தாவது வீட்டைச் சொன்னான். ஆறாவது வீட்டுக்கு வந்தபோது, யாரும் எதிர்பாராமல் குருவம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள்.

"தப்பாச் சொல்றாருங்க. எங்க வீட்டுல அஞ்சு இல்ல, ஆறு. மருமக முழுகாம இருக்கா. எழுதுறத ஒழுங்கா எழுதுங்க."

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று பிற்பாடு கேட்டபோது அவர்களுக்கே தெரியவில்லை. தங்கள் வீட்டை இன்னொருவன் சொல்லிக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை என்றார்கள். எட்டு ஆடு இருக்கு, அதையும் எழுதணுமா என்று ஒருத்தர் கேட்டார். பூசாரி சோணையும் கடைசியில் வந்து, தரையைப் பார்த்தபடியே, "நாலு பேரு" என்றார். படிவத்தில் அந்தப் பத்திக்கு விட்டிருந்தது ஒரு விரல் இடம். மரகதவேல் தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினார். நாற்பத்தொரு வீடு, நூற்று அறுபத்திரண்டு பேர். தலையைத் தூக்கித் தவசியைப் பார்த்து, "முதல் தரம்தான் பெரியவரே. சந்தேகமே இல்ல" என்றார்.

அவர் கையெழுத்துப் போடப் பேனாவை மறுபடி வைத்தபோது தண்ணீர் விழுந்தது.

ஐந்து மாதம் நின்ற தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் போயிற்று. புளியமரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. ஓடுகள் சில்லுச் சில்லாய் மிதந்தன. திறந்து கிடந்த கதவுகள் வழியாக நுழைந்து, சுவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, மூன்று கல்லையும் வெண்கல மணியையும் ரேஷன் கடையையும் பள்ளிக்கூடத்தையும் எடுத்துக்கொண்டு, சமவெளியில் பரந்து சோர்ந்து படுத்தது. பாறைமேட்டில் நூற்று அறுபத்திரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். ஒரு கோழிக்கும் சேதமில்லை.

அழுகை ஓய்ந்த பிறகு மரகதவேல் படிவத்தை எடுத்தார். அவர் கண் ஈரமாகத்தான் இருந்தது. பின்பக்கத்தைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, முன்பக்கத்தில் அந்த ஒரு விரல் இடத்தில் இல்லை என்று எழுதினார்.

"இப்பத்தான எழுதுனீங்க சார்?" என்றான் தவசி.

"எழுதினேன். கையெழுத்துப் போடுற நேரத்துல என்ன இருக்கோ அதுக்குத்தான் பெரியவரே நான் சாட்சி. பாருங்க. அங்க என்ன இருக்கு?"

தவசி பார்த்தான். சேறு இருந்தது.

"நாங்க இருக்கோம்" என்றாள் குருவம்மா.

"நீங்க கீழ இல்லயேம்மா. இங்க இருக்கீங்க" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

அலுவலகத்து அறிக்கை ஆனி மாதம் வந்தது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லாதபடியால் மேற்படி கரைக்கு ஆரம்பத்தில் வழங்கப்பட்ட மூன்றாம் தரம் சரியே என்று அதில் இருந்தது. அந்த அறிக்கையை வைத்துக் குணசீலன் புதுக் கரைக்கு விண்ணப்பித்தார். ஒரு மாதத்தில் அனுமதி கிடைத்தது. அதே இடம், அதே நீளம், மூன்றாம் தரம். கீழே குடியிருப்பு இல்லை என்பதை யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஊரார் இப்போது மெயின் ரோட்டோரத்தில் தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். சிலம்பாயிதான் ஊர் மேலே ஏறிவிட்டதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள் என்று பாதிப்பேர் சொல்கிறார்கள். தவசி ஊர் இருக்கிறது என்று சொல்லிக் காட்டிக்கொடுத்ததால்தான் தண்ணீருக்கு வழி தெரிந்தது என்று மீதிப்பேர் சொல்கிறார்கள். அவர்கள் அவனோடு பேசுவதில்லை. தவசி இரண்டையும் ஏற்பதில்லை. களிமண் போடாத கரை, கலங்கிக் கசிந்த கரை, பதினேழு மாதம் சொல்லியும் யாரும் வந்து பார்க்காத கரை, அது போயிற்று. அவள் தெய்வமும் இல்லை, வழுக்கி விழவும் இல்லை. கேட்பவர்களிடம் அவன் இதை மட்டும் சொல்கிறான், கேட்காதவர்களுக்கு எழுதுகிறான்.

பழைய கரையின் மண்ணை வெள்ளம் மிச்சமில்லாமல் அடித்துக்கொண்டு போய்விட்டது. தவசியின் கொட்டகையில், தகரத்தின் விளிம்பில், ஐப்பசித் தேதி ஒட்டிய சோடாப் புட்டி ஒன்று இருக்கிறது. அதில் தண்ணீர் தெளிந்திருக்கிறது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண் படிந்திருக்கிறது.